நீங்கள் கையெழுத்திடாத படிவம்

நினைவை விட்டு அகலாத அத்தானுக்கு,

நாளைக் காலை எட்டு மணிக்கு எனக்குப் பெருங்குடலில் குழாய் விட்டுப் பார்க்கப்போகிறார்கள். கொலனோஸ்கோபி என்ற அந்தப் பெயர் உங்களுக்குப் புதிதல்ல. பாளையங்கோட்டை வீட்டின் முன்னறையில், வழக்குக் கட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, மாலை வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். இன்று முழுவதும் கஞ்சித் தண்ணீர்தான். ஐந்து மணிக்குத் தொடங்கிக் குடிக்கவேண்டிய பேதி மருந்து, தண்ணீரில் கரைத்து மேசைமேல் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான். இந்தச் சொல்லை நான் எழுத்தில் பயன்படுத்துவது அநேகமாக இதுவே முதல் முறை.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பல ஆண்டுகளாக நெஞ்செரிச்சல் உண்டு. வாதத்துக்கு எழும் முன் ஒரு மாத்திரையை மென்றுகொள்வேன். அதை நோயென்று கருதியதில்லை. சென்ற மாதம் விழுங்கும்போது வலித்ததால் வாய்வழியாக எண்டோஸ்கோபிக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அமிலம் ஏறி ஏறி, உணவுக்குழாயின் அடிப்பகுதித் தோல், குடலின் தோலைப்போல மாறியிருக்கிறதாம். புற்றுநோய் இல்லை, ஆனால் கண்காணிப்பில் இருக்கவேண்டும். அத்தோடு விட்டிருந்தால் நான் இன்று உறங்க முடிந்திருக்கும். பெருங்குடலையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார் மருத்துவர் அம்மா.

தொண்டைக்குக் கீழே கோளாறு என்றால் மறுமுனையை ஏன் பார்க்கவேண்டும் என்று குறுக்கு விசாரணையே செய்துவிட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "இது இருக்கவங்கள்ல சிலருக்குக் குடல்லயும் பாலிப் இருக்குன்னு பாத்திருக்காங்க சார். எல்லா ஆய்வும் அப்படிச் சொல்லல. ஒண்ணாலதான் இன்னொண்ணு வருதுன்னு நானும் சொல்லல. ஆனா ஒங்க வயசுக்கு எப்படியும் பாக்கவேண்டியதுதான்."

பாலிப் என்பது குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை. பெரும்பாலானவை தீங்கு செய்வதில்லை. சில, ஆண்டுக்கணக்கில் வளர்ந்து புற்றாகும். கண்டால் அந்தப் பரிசோதனையிலேயே அகற்றிவிடலாம். இதையெல்லாம் இப்போது இவ்வளவு தெளிவாக எழுதுகிறேனே, உங்களுக்காக ஏன் தெரிந்துகொள்ளவில்லை?

பிறகு அவர் ஒப்புதல் படிவத்தை நீட்டினார். உங்கள் படிவத்தில் இருந்த அதே வாசகங்கள்.

உங்களுக்கு நினைவிருக்கும். கங்கைகொண்டான் தொழிற்சாலையில் ஸ்டோர் பொறுப்பில் இருந்த நீங்கள், சாப்பிட்ட கையோடு ஓமத் தண்ணீர் குடித்தே எரிச்சலை அடக்கிக்கொண்டிருந்த காலம். என்னைப்போலவே உங்களுக்கும் முதலில் உணவுக்குழாய், பிறகு குடலையும் பார்க்கலாமென்ற யோசனை. நமக்குள் இரத்த உறவில்லை. நோய்க்குறி மட்டும் ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை படிவத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தீர்கள். "ஏலே வக்கீலு, நாளைக்கே போட்டுக் குடுக்கணுமாம். ஒருக்கா பாத்துச் சொல்லு, போட்டுருதேன்."

யார் எந்தத் தாளைக் கொண்டுவந்தாலும், கையெழுத்திடுபவரை அது எங்கே சிக்கவைக்கும் என்று பார்ப்பது என் தொழில். குடலில் துளை விழலாம், இரத்தம் கசியலாம், அரிதாக உயிராபத்தும் நேரலாம்: மூன்று வரிகளையும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். 'வேறொரு மருத்துவரின் கருத்துக்குப் பின்பே கையொப்பம்' என்று ஓரத்தில் எழுதினேன். நீங்கள் சிரித்தீர்கள். "நீ வேண்டாமுன்னா வேண்டாம்லே." படிவத்தை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனீர்கள். வேறொரு மருத்துவரிடம் நீங்கள் போகவில்லை. போனீர்களா என்று நானும் கேட்கவில்லை.

ஒன்றரை ஆண்டு கழித்து இரத்தம் போனபோது, அது பாலிப் என்ற நிலையைத் தாண்டியிருந்தது. அன்றே பார்த்திருந்தால் பிழைத்திருப்பீர்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. பிழைத்திருக்கமாட்டீர்கள் என்றும் நிரூபிக்க முடியாது.

நீங்கள் அக்காவிடம் என் பெயரைச் சொல்லவேயில்லை. 'பயமா இருந்துச்சு, அதான் தள்ளிப்போட்டேன்' என்று பழியை உங்கள்மேலேயே போட்டுக்கொண்டீர்கள். அக்கா அதை நம்பினாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், பயந்தே உயிரை விட்ட மனுசன் என்றுதான் சொன்னாள். இரண்டு ஆடி அமாவாசைகளிலும் பாபநாசம் படித்துறையில் உங்கள் மகன் எள்ளும் தண்ணீரும் விட்டபோது, நான் பின்படியில் நின்றேன். ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

என் படிவத்தில் உறவினர் ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். மகளின் பிரசவத்துக்காக என் மனைவி பெங்களூரில் இருப்பதால், முந்தாநாள் அக்காவிடம் போனேன். கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டே சொன்னாள்: "போடுதேன். நீயாவது தைரியமா செஞ்சுக்கிடு. ஒங்க அத்தான மாதிரிப் பயந்து கெடுத்துக்கிடாத."

உங்கள் படிவத்தையும் கோப்பில் வைத்திருந்தேன். எடுத்து அவள் முன் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்தாள்.

"இது ஒன் எழுத்துல்லா?"

"ஆமாக்கா."

"அப்போ அவரு பயப்படலையா?"

"இல்லக்கா. நான்தான் வேண்டாமுன்னேன்."

அடுக்களைக்குள் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், என் படிவத்தில் கையெழுத்திட்டாள். பரிசோதனையன்று காலை ஏழு மணிக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். நான் செருப்பை மாட்டும்போதுதான் கேட்டாள்.

"செஞ்சா என்ன ஆவும்னு கோடு கோடாப் போட்டிருக்கியே. செய்யாம இருந்தா என்ன ஆவும்னு நீ கேக்கலையாலே?"

வீட்டுக்கு வந்து இரண்டு படிவங்களையும் மீண்டும் படித்தேன். அவள் கேட்டதற்கு அவற்றில் ஒரு வரிகூட இல்லை. இல்லாத வரியைத் தேடுவதும் என் தொழில்தானே அத்தான்? அன்று ஏன் தேடவில்லை?

இதை உங்களுக்கு மட்டும் எழுதி மூடி வைத்திருக்கலாம். ஊரே உங்களைப் பயந்தவர் என்று நினைத்துக்கொண்டிருக்கையில், திருத்தமும் ஊரறிய வரவேண்டும் என்பதால் வெளியிடுகிறேன்.

மணி ஐந்தாகிறது. முதல் டம்ளரை எடுத்துவிட்டேன். நாளை அவர்கள் என்ன காண்பார்கள் என்று தெரியாது. எதுவாயினும் அந்த அறிக்கையை முதலில் அக்கா கையில் கொடுப்பேன். இனி எவர் இப்படியொரு படிவத்தோடு என்னிடம் வந்தாலும், அக்கா கேட்ட கேள்வியை மருத்துவரிடம் கேட்டுவரச் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன். இது என் வாக்கு.

பயந்தவன் நான்தான் என்று ஒப்புக்கொள்ளும்,
உங்கள் மைத்துனன்
சிதம்பரம்