அறுபது ரூபாய் வாடகை வீடு

சங்கரன்கோவில்
24-10-1982

அன்புள்ள பூமாரிக்கு,

உங்கள் அண்ணன் காளிராஜிடம் கேட்டுத்தான் இந்த விலாசத்தை வாங்கினேன். "எழுதுங்க மாப்பிள்ளை, வைகாசியிலதான கல்யாணம், அதுவரைக்கும் பேசாமலா இருப்பீய" என்று அவரே சொன்னார். திருவேங்கடத்தில் உங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்று, காப்பி நன்றாக இருக்கிறது என்று ஒரே ஒரு வாக்கியம் உங்களிடம் பேசினேன். அதுவும் உங்கள் மதினி போட்ட காப்பி என்று பஸ் ஏறிய பிறகு தெரிந்தது.

நூல்கடையில் கணக்கு எழுதி முடித்துச் சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் நடப்பேன். தெருவெல்லாம் தறிச் சத்தம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஊர் முழுக்க மழை பெய்கிற மாதிரி இருக்கும். இந்த வருஷம் மழை அந்தச் சத்தத்தில் மட்டும்தான். அதைக் கேட்டபடி தென்காசி போகிற ரயிலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்போதெல்லாம் அந்த ரயிலிலிருந்து நீங்கள் இறங்கி வருகிற மாதிரி தோன்றுகிறது.

அம்மா நேற்றுக் கேட்டாள்: "மருமக மெட்ராஸ்ல என்னலே வேலை பாக்கா?" டெக்னீசியன் என்றேன். "ரேடியோ ரிப்பேரா?" என்றாள். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பெத்துராஜ்


அம்பத்தூர், சென்னை
9-11-1982

மதிப்பிற்குரிய உங்களுக்கு,

பூமாரி எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று விடுதியில் யாரும் என்னை நிம்மதியாகப் படிக்க விடவில்லை. மொட்டை மாடிக்குப் போய்த் துணிக்கொடிக்கு நடுவில் நின்று படித்தேன்.

ரேடியோ ரிப்பேர் இல்லை என்று அத்தையிடம் சொல்லுங்கள். எங்கள் கம்பெனியில் பழரசம், ஜாம், ஊறுகாய் எல்லாம் பாட்டிலில் அடைபடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி எங்கள் அறைக்கு வரும். புளிப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, கெடாமல் இருக்கப் போட்ட மருந்து அளவோடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சர்க்கரை பார்க்க ஒரு சின்னக் குழல் இருக்கிறது. அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால், உள்ளே பாதி நீலம், பாதி வெள்ளை. கடலும் வானமும் மாதிரி. இரண்டும் சேருகிற கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் சர்க்கரை அளவு. எண்ணைக் குறித்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பேன். மேடம் அதட்டினால்தான் எடுப்பேன்.

சம்பளம் நானூற்று முப்பது. விடுதிக்கும் சாப்பாட்டுக்குமே பாதி போய்விடுகிறது. வீட்டுக்கு மாதம் நூற்றைம்பது அனுப்புகிறேன். மிச்சத்தில் பஸ்ஸும் சோப்பும் போனால் கையில் ஒன்றும் நிற்காது.

சங்கரன்கோவிலில் குடித்தனம் நடத்த என்ன ஆகும்? அரிசி, பால், வாடகை எல்லாம் எழுதுங்கள். கேட்பதைத் தப்பாக நினைக்க வேண்டாம். அளந்து பார்ப்பதே என் பிழைப்பு, அந்தப் பழக்கம்தான்.

அன்புடன்,
பூமாரி


சங்கரன்கோவில்
5-12-1982

அன்புள்ள பூமாரி,

இனி 'நீ' என்று எழுதலாமா? எழுதிவிட்டேன்.

இங்கே பால் லிட்டர் மூன்று ரூபாய், அரிசி கிலோ நாலுக்குள். வாடகை கேட்டிருந்தாயே, அதற்காகவே ஒரு வீடு பார்த்தேன். கோயிலுக்குக் கிழக்கே, மாடியில், அறுபது ரூபாய். ஏறிப் போனால் மேற்கே பார்த்த ஒரு ஜன்னல். அதில் கோபுரத்தின் தலை தெரிகிறது. வெயில் சாய்கிற நேரத்தில் தரை முழுக்க மஞ்சளாகிவிடுகிறது. வீட்டுக்காரர் கீழே நின்று கூப்பிடுகிறவரை அந்த மஞ்சளிலேயே உட்கார்ந்திருந்தேன். நீ சுவரோரம் தலை உலர்த்திக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. என் சம்பளம் நானூறு நம் இரண்டு பேருக்குத் தாராளம்.

வேலையை விட உனக்கு மனசில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. புளியங்குடியில் மைதீன் பாட்சா என்று ஒரு எலுமிச்சை வியாபாரி, எங்கள் முதலாளிக்குத் தெரிந்தவர். எலுமிச்சைச் சாற்றில் ஸ்குவாஷ் போட்டுப் பாட்டிலில் விற்கிறார். லைசென்ஸுக்குச் சோதனை பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டுமாம். உன்னைப் பற்றிச் சொன்னேன். "நூத்தெழுவத்தஞ்சு தாரேன். பொம்பளைப் பிள்ளைக்கு அது போதும்லா, புருஷன் சம்பளம் இருக்கே" என்றார்.

உன்,
பெத்துராஜ்


அம்பத்தூர்
2-1-1983

அன்புள்ள உங்களுக்கு,

அந்த வீட்டுக்கு நான் போய்விட்டு வந்தேன். கனவில்தான். படி ஏறும்போதே எலுமிச்சை வாசம். நீங்கள் எழுதிய ஜன்னல் இருந்தது, மஞ்சள் வெயில் இருந்தது. அடுக்களையைத் தேடித் தேடி அறைக்குள் அறையாகப் போய்க்கொண்டே இருந்தேன். காணவில்லை. உங்கள் கடிதத்தில் நீங்கள் அடுக்களையைப் பற்றி எழுதவே இல்லை. எழுந்தபோது சிரிப்பு வந்தது.

மைதீன் பாட்சாவிடம் பேசுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு என்ன போதும் என்பதை அவர் சொல்ல வேண்டியதில்லை. அந்த நூற்றெழுபத்தைந்தில் தினமும் பஸ்ஸுக்குக் கொடுத்தது போக நூறுதான் மிஞ்சும்.

முக்கியமானது இது. எங்கள் ஊர்க் கரிசலில் இந்த ஐப்பசியும் மழை இல்லை. விதைத்த பருத்தி முளைக்கவில்லை. "நீ அனுப்புதது இல்லன்னா இங்கன அடுப்பு எரியாது தாயி" என்று அண்ணன் எழுதியிருக்கிறான். உங்களிடம் அவன் சொல்ல மாட்டான், கௌரவம். கல்யாணத்துக்குப் பிறகும் மாதம் நூற்றைம்பது வீட்டுக்கு அனுப்ப வேண்டும். உங்களுக்கும் அத்தைக்கும் சம்மதமா?

அன்புடன்,
பூமாரி


சங்கரன்கோவில்
30-1-1983

அன்புள்ள பூமாரி,

உனக்காகவே திரும்பப் போய் அடுக்களையைப் பார்த்தேன். கிழக்கே, நல்ல வெளிச்சம். சுவரில் இரண்டு மாடம். ஒன்றில் உன் குழலை வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் கீழே தறி ஓட ஆரம்பித்தால் தரை லேசாக அதிரும். தண்ணீர்ச் செம்பில் வட்டம் வட்டமாக அலை எழும். அதைப் பார்த்துக்கொண்டு நீயும் நானும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்போம்.

நீ கேட்டது பெரிய விஷயம். அம்மா என்ன நினைப்பாளோ. கட்டிவந்த பிள்ளை பிறந்த வீட்டுக்கே கொடுத்துக்கொண்டிருந்தால் ஊரில் நாலு பேர் பேசுவார்கள். கல்யாணம் முடியட்டும், மெல்லப் பேசிக்கொள்ளலாம். இப்போது எதற்கு அந்தக் கவலை?

உன்,
பெத்துராஜ்


அம்பத்தூர்
10-2-1983

அன்புள்ள உங்களுக்கு,

அடுக்களை மிக அழகாக இருக்கிறது. நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு மெல்லப் பேசினால் என் அம்மாவால் அதுவரை சாப்பிடாமல் இருக்க முடியாது. அத்தையிடம் கேட்டீர்களா என்பதுகூட உங்கள் கடிதத்தில் தெரியவில்லை.

பதில் வரும்வரை பத்திரிகை அடிக்க வேண்டாம் என்று அண்ணனுக்கு எழுதிவிட்டேன்.

பூமாரி


புளியங்குடி
3-4-1983

அன்புள்ள உங்களுக்கு,

விலாசத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். ஒன்றரை மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. போன மாதம் லீவு போட்டு நானே மைதீன் பாட்சாவைப் பார்க்க வந்தேன். "நூத்தெழுவத்தஞ்சுன்னு சொன்னேனேம்மா" என்றார். அவர் போட்ட ஸ்குவாஷை அங்கேயே வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தேன். சர்க்கரை குறைவு, வெயில் ஏறினால் நுரைத்துப் பொங்கும் என்றேன். "போன வருஷம் மூடியெல்லாம் தெறிச்சுது, அதான் கேக்கேன், சம்பளம் எவ்வளவு வேணும்?" என்றார். முந்நூறில் முடிந்தது. சென்னை வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்துவிட்டேன்.

சென்னையைவிடக் குறைவுதான். ஆனால் கதீஜம்மாள் என்கிற அக்கா வீட்டில் அறை முப்பது ரூபாய். நானே பொங்கிக்கொண்டால் சாப்பாடு நூறில் அடங்கும். நூற்றைம்பது அனுப்பிய பிறகும் கையில் இருபது நிற்கிறது. கமிஷன் கடைகளில் மூட்டை அவிழ்க்கும்போது தெருவே எலுமிச்சையாக மணக்கிறது. நடக்கிறேனா மிதக்கிறேனா என்று தெரியவில்லை.

உங்களுக்காக வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மாவைப் பார்க்க இங்கிருந்து இரண்டு பஸ்தான். நீங்கள் இருக்கிற ஊருக்கு ஒரு பஸ். இனிமேல் நமக்குள் கடிதம் வேண்டாம். சம்மதம் என்றாலும் இல்லை என்றாலும் நேரில் வந்து சொல்லுங்கள். ஞாயிறு எனக்கு லீவு.

பூமாரி


சங்கரன்கோவில்
7-4-1983

அன்புள்ள பூமாரி,

கடிதம் வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும்.

அந்த மாடி வீட்டுக்குப் போன வாரம் ஒரு தையல்காரர் குடிவந்துவிட்டார். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்த வீட்டு வாசல் வரைக்கும் போய்ப் பார்த்தேன். பிறகு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறேன். இத்தனை நாள் அம்மா என்ன சொல்வாள் என்பதையும் நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "பெத்தவளுக்குக் கஞ்சி ஊத்துத பிள்ளைதாம்லே நாளைக்கு எனக்கும் ஊத்தும். இதைக் கேக்கவா இத்தனை நாள் மூஞ்சியத் தூக்கிட்டுத் திரிஞ்ச?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி பஸ்ஸில் வருகிறேன். அம்மாவும் கிளம்பி நிற்கிறாள். உனக்கு லீவாக இருந்தாலும், நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று அவள் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

பெத்துராஜ்