கொட்டகை வாசலில் இறங்கும் கூடை

புதுச்சேரி
14-10-1957

சிரஞ்சீவி பலராமனுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், ஆப்பிரிக்காவில் ஜிபுத்தி வெயிலில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனாலும் உனக்கென்று தினமும் ஒரு பிடி அரிசி கூடுதலாகத்தான் உலையில் போடுகிறாள், சொன்னால் கேட்பதில்லை. உன் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். சித்திரையில் நீ கப்பலேறிய அன்றே பெட்ரோலை இறக்கி, ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, பேட்டரியைக் கழற்றி, எலி நுழையாமல் சைலன்சர் வாயில் துணி அடைத்து, நம் கொட்டகைக்குள் நான்கு கட்டைமேல் தூக்கி நிறுத்திவிட்டேன். சக்கரம் தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் தொங்குகிறது. ஒன்றுதான் குறை. முப்பது வருஷம் பிரெஞ்சுக்கார ஜட்ஜு முசியேயின் காரை ஓட்டியவன் நான், அவர் சீமைக்குப் போகும்போதெல்லாம் முதலில் அடிப்பக்கத்தைத்தான் கழுவுவேன், உப்புக்காற்று அங்கேதான் தின்னும். நீயோ “கீழ எதையும் தொடாதப்பா, மேல மட்டும் மூடு” என்று சொல்லிவிட்டுப் போனாய். எனக்கே பாடம் சொல்கிறாயா என்று சிரித்துக்கொண்டு அப்படியே விட்டேன்.

காலாப்பட்டுப் பக்கமிருந்து பெரிய மார்க்கெட்டுக்குக் கீரை கொண்டுவரும் கொளஞ்சியை உனக்குத் தெரியும். அவள் அக்காள் அன்னக்கிளியை, நீ புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால், விடியற்காலையில் கூடையோடு வந்தவளை, ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போனது, அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. யார் என்று இதுவரை தெரியவில்லை. அது முதல் கொளஞ்சி தினமும் நம் கொட்டகை வாசலில் கூடையை இறக்கிவிட்டுச் சற்று நிற்கிறாள். ஏனம்மா இங்கே என்று கேட்டதற்கு, “தெரியலண்ணா, இந்த எடம் வந்தா காலு தானா நின்னுடுது” என்றாள். போகும்போது கூடையைத் தலைக்குத் தூக்கிவிடுவேன். கீரைதானே, கனமே இருக்காது.

ஆயுத பூசையன்று அம்மா பிடிவாதமாகச் சக்கரத்துக்கு நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். தொங்குகிற சக்கரத்துக்கு எதற்கு என்று கேலி செய்தேன். மறுநாள் காலையில் பூட்டைத் திறந்து பார்த்தால் முன்பக்க இடது சக்கரத்தின் கீழிருந்த பழம் மட்டும் சாறு தெறிக்க நசுங்கித் தட்டையாகக் கிடந்தது. சக்கரம் அதே நாலு விரற்கடை உயரத்தில்தான் இருந்தது. எலி என்று மனதைத் தேற்றிக்கொண்டு விளக்கோடு அடியில் படுத்துப் பார்த்தேன் பலராமா. சக்கரத்துக்குப் பின்னால் இரும்பில் ஒரு துணி சுற்றிக்கொண்டிருந்தது. பிரித்தேன். சும்மாட்டுத் துணி, மஞ்சள், சிவப்புக் கரை, அதில் நீளமாக ஒரு தலைமுடி. அன்றைக்குக் கொளஞ்சி கூடையை இறக்கி, தலையிலிருந்த சும்மாட்டைப் பிரித்து முகம் துடைத்தாள். அதே மஞ்சள், அதே கரை. ஒரே புடவையைக் கிழித்து அக்காளும் தங்கையும் ஆளுக்கொன்றாக வைத்திருந்தார்களாம், அவளே சொன்னாள். அப்போதுதான் அவள் முதல்முறையாக உள்ளே எட்டிப் பார்த்து “வண்டி யாருதுண்ணா?” என்று கேட்டாள். என்னுடையது என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை, நீ என் பிள்ளை, அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவள் கொட்டகைப் பக்கம் திரும்புவதில்லை, நம் வீட்டு வாசலில் என் நாற்காலிக்கு நேராகக் கூடையை இறக்குகிறாள்.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. துணி என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள், எனக்கு இப்போது வாசற்படி தாண்டவே பயமாக இருக்கிறது. இடித்தது நீ இல்லை என்று எழுதினால் நம்புகிறேன், ஆனால் அந்தத் துணி அங்கே எப்படி வந்தது என்றும் எழுது. நீதான் என்றால் உன் கையாலேயே எழுது, அவளை உட்காரவைத்து நானே படித்துக் காட்டுகிறேன், பிறகு வருவதை இருவரும் சேர்ந்து பார்ப்போம். எப்படியிருந்தாலும் நீ என் பிள்ளைதான். வேளைக்குச் சாப்பிடு. தெய்வம் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும். கார்த்திகை தீபத்துக்குள் பதில் போட மறக்காதே, அதற்குமேல் என்னால் முடியாது. இன்று காலையிலும் கூடையைத் தூக்கிவிடப் போனேன். அரைக்கூடை முளைக்கீரைதான் பலராமா, என்னால் அசைக்க முடியவில்லை.

இப்படிக்கு
உன் அப்பா
டிரைவர் பாவாடை