காத்தாடி ஏன் நின்னுச்சு

செவ்வாய், ராத்திரி.

இன்னும் கோபம் அடங்கல. காலையில எஸ்டேட் பேக்டரியில தேயிலைக் கொழுந்து வாட்டுற காத்தாடி எல்லாம் நின்னுருச்சு. அதை ஓட்டுற கம்ப்யூட்டர் பெட்டியில நாங்க எழுதின டிரைவர் மாட்யூல் கிராஷ் ஆகியிருக்கு. எர்ரர் லாக் பைலைத் திறந்தா வெறும் நம்பர். எந்த பங்ஷன், எந்த வரி, ஒண்ணுமே இல்ல.

கூட வேலை பார்க்குற சேகருக்குப் போன் போட்டேன். "மலையில லைன் ஸ்லோ லா. பைல் சின்னதா இருக்கட்டும்னு லிங்கர் ஸ்கிரிப்ட்ல, எந்த வரின்னு காட்டுற டீபக் செக்‌ஷனை எல்லாம் டிஸ்கார்ட்ல போட்டுத் தூக்கிட்டேன்"னான். சரி, தூக்குறதுக்கு முந்தி முழு காப்பி ஒண்ணாவது எடுத்து வச்சியாடான்னா, இல்லையாம்! அந்தத் தகவல் பெட்டிக்குள்ள போகவே வேணாமே. நம்ம கம்ப்யூட்டர்ல கிடந்தாப் போதுமே, மடையா!

பேக்டரி கணக்கு எழுதுற கிராணி அய்யா, காத்து இல்லாம கருத்துப்போன கொழுந்தை அள்ளிக் காட்டி, "ஏம்மா நின்னுச்சு?"ன்னு கேட்டார். "தெரியல அய்யா"ன்னேன். சொல்லவே கூசுச்சு.

அவன் போட்ட வரியை அழிச்சு, முழு காப்பி எடுத்து வச்சிட்டு, புது மாட்யூலை ஏத்திட்டேன். காத்தாடி ஓடுது. ஆனா கோளாறு இன்னும் உள்ளேயேதான் இருக்கு; காரணம் தெரியணும்னா அது மறுபடியும் நிக்கணும். நாளைக்குக் கொழுந்து வந்து இறங்குறப்போ, நிக்கக்கூடாதுன்னு சாமி கும்பிடுறதா, நின்னு தொலையட்டும்னு கும்பிடுறதா?