அக்காவின் வலது தோள்

8 ஜனவரி 1971
துக்கச் செய்தி. என் இடது செருப்பு இன்று மாலை வெண்ணாற்றில் காலமானது. வலது செருப்பு உயிரோடிருந்தும் பயனில்லை. இப்படிக்கு, ஒற்றைச் செருப்பு ரெத்தினம்.

நாளைக் காலை அண்ணன் துரைராசு தறியில் உட்காரும்போது வேடிக்கை இருக்கிறது. விவரம் பிறகு.

9 ஜனவரி
வேடிக்கை நடக்கவில்லை. அறுவடைக் கூலிப் போராட்டத்துக்குப் போன அண்ணனைப் பிடித்துத் திருச்சி ஜெயிலில் போட்டுவிட்டார்கள். "நெய்யிறவனுக்கு நெல்லுக்கூலில என்னடா வேல?" என்று அப்பா சுவரைப் பார்த்துக் கத்தினார். சுவர் பதில் சொல்லவில்லை.

அண்ணன் தறியில் இனி செவ்வந்தி அக்கா.

24 ஜனவரி
அக்காவுக்குத் தோள்வலி. ஊடைநூல் கொண்டுபோகும் நாடா ஓட, நாள் முழுக்கத் தலைக்கு மேலே கையைத் தூக்கிக் கயிற்றை இழுக்கிறாள். அண்ணன் பனைமரம், அவன் உயரத்துக்குக் கட்டியிருக்கும் என்கிறார் அப்பா. நான் நூல் சுற்றப் போய்விட்டேன்.

2 பிப்ரவரி
கை தலைக்குப் போகவில்லை. நான்தான் சடை பின்னினேன். "இது சடையாடா, வைக்கப்புரியா?" சிரித்தாள். அப்புறம் அழுதாள்.

அவ அழுததுலேர்ந்து எனக்கு உட்கார முடியல. நிக்க முடியல. எனக்கென்ன வந்துச்சு?

5 பிப்ரவரி
நீடாமங்கலம் டாக்டர்: "கைய ஒசத்தி இழுக்கறத நிறுத்தும்மா. இல்லன்னா கை நிரந்தரமா தூக்க வராது."

அப்பா: "ஏத்துன பாவு முடியிற மட்டும் தறியில ஒரு முடிச்சும் அவுக்கக்கூடாதுங்க. ஆகாது."

பாவு நூலை நெய்து முடிக்க இன்னும் இருபது முழம்.

6 பிப்ரவரி
எல்லாரும் சாப்பிடும்போது கயிற்றின் முடிச்சை அவிழ்த்துவிட்டேன். கயிறு நாலு விரல் இறங்கியது. அப்பா அறைந்தார். அப்புறம் அக்கா முகம் சுளிக்காமல் நெய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பக் கட்டவில்லை.

11 பிப்ரவரி
தெருவே பேசுகிறது! எதிர்வீட்டு அம்சம் அக்கா, "தம்பி, எங்க கயித்தையும் பாரேன்" என்றார். பார்த்தேன். கட்டணம்: இரண்டு முறுக்கு. இப்படிக்கு, டாக்டர் ரெத்தினம்.

3 மார்ச்
அண்ணன் விடுதலை. வந்ததும் தறியில் உட்கார்ந்து கயிற்றை இழுத்துப் பார்த்தான். "எப்பவும் இருந்த நீளந்தானே? இதுல நீ என்னத்தடா கண்டுபிடிச்ச?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

சரி. எழுதிவிடுகிறேன். ஜனவரி எட்டாம் தேதி அந்தக் கயிற்றை நாலு விரல் குறைத்துக் கட்டியவன் நான்தான். அண்ணன் சலாம் போடுவது மாதிரி இழுக்கட்டும், பார்த்துச் சிரிக்கலாம் என்று. அக்கா உட்கார்ந்த அன்றே சொல்லியிருக்கலாம். அடிக்குப் பயந்தேன். டாக்டர் பட்டம் வாபஸ்.

அக்கா திட்டவில்லை. சீப்பை நீட்டினாள். கை இன்னும் காதுவரைதான் போகிறது.