ஆயாவுக்குப் பின்னால் ஒட்டிய வயல்

21 ஜனவரி 2007, ஞாயிறு

பொழிச்சலூர் போய்விட்டு இப்போதுதான் தாம்பரம் வந்து சேர்ந்தேன். ஆயாவுக்கு எண்பதாம் பிறந்தநாள் கொண்டாடப் போகிறாராம் குப்புராஜ் மாமா. பிப்ரவரி 25. மண்டபம் பிடித்தாயிற்று. என்றைக்குப் பிறந்தாள் என்று ஆயாவுக்கே தெரியாது, பெரிய மழை அடித்த வருஷம் என்பாள். இந்தத் தேதி எப்படி வந்தது என்று கேட்டேன். ஊரப்பாக்கத்துக்காரர்களுக்கு அன்றைக்குத்தான் தோதுப்படுகிறதாம். மாமா பையன் உதயாவுக்கு அங்கே பெண் பேசுகிறார்கள். பெண்ணின் அம்மா சுந்தரவல்லி நம் குடும்பத்தின் பாரம்பரியத்தைப் பார்க்க வேண்டும் என்றாராம்.

இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா செத்தபோது எனக்கு ஒன்பது வயது. அதற்கப்புறம் என்னை வளர்த்தவள் அம்மாவைப் பெற்ற இந்த அஞ்சம்மாள் ஆயாதான். புத்தகமும் பேனரும் என் பொறுப்பு என்று நானாகவே சொன்னேன். டி.டி.பி. கடையில் வேலை செய்கிறவள் வேறென்ன செய்வது.

27 ஜனவரி, சனி

ஆயாவிடம் ஒரே ஒரு பழைய படம்தான் இருக்கிறது. பம்மல் தோல் கம்பெனி கேட் முன்னால், ஒரு ஆயுதபூஜை அன்று எடுத்தது. ஆயாவும் அவள் சிநேகிதி ருக்ஸானாவும். இவளுக்கு அவள் ருக்கு, அவளுக்கு இவள் அஞ்சு. ஆயாவின் கை ருக்ஸானாவின் தோள்மேல். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்.

தாத்தா போனபின் இரண்டு குழந்தைகளோடு நின்றவளை ருக்ஸானாதான் அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டாள். முப்பத்தோரு வருஷம். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய மாட்டுத்தோலில் மயிர் சுரண்டுகிற வேலை. மாமாவின் படிப்பு, அம்மாவின் கல்யாணம், என் சோறு எல்லாம் அதில்தான். தாத்தாவின் துண்டு நிலத்தை விற்காமல் காப்பாற்றியதும் அதில்தான். மாமா கட்டிய ஃபிளாட்டுகள் அந்த நிலத்தில்தான் நிற்கின்றன.

எழுத உட்கார்ந்தேன், நான்கு பக்கம் வந்துவிட்டது. சின்ன வயதில் அவள் சோறு ஊட்ட வந்தால் நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அதை மட்டும் எழுதவில்லை.

3 பிப்ரவரி, சனி

மாமா கடைக்கே வந்துவிட்டார். நின்றபடியே நான்கு பக்கத்தையும் படித்தார். முகம் சுருங்கிவிட்டது.

“சாப்பிடற எடத்துல குடுக்கற புத்தகம் கீதா. மாட்டுத்தோல், மயிருன்னு எழுதி வெச்சிருக்கே.”

விவசாயக் குடும்பம், வாசற்படி தாண்டாத மகராசி, பத்துப் பேருக்குச் சோறு போட்ட கை — இப்படி எழுத வேண்டுமாம். படத்தில் கேட்டை எடுத்துவிட்டு நெல்வயல் வைக்க வேண்டும். கழுத்தில் ஒரு சங்கிலி. கூட நிற்கிறவளை எடுத்துவிட வேண்டும். ருக்ஸானாவுக்குப் பத்திரிகையும் வேண்டாம், தோல் கம்பெனி ஆட்கள் ஒருத்தர்கூட அங்கே வரக் கூடாது.

முடியாதுன்னு சொல்லியிருக்கணும். பார்க்கிறேன் மாமா என்றேன்.

6 பிப்ரவரி, செவ்வாய்

செய்துவிட்டேன், புத்தகத்தையும் படத்தையும்.

ருக்ஸானாவை வெட்டுவது சுலபமாக இல்லை. ஆயாவின் கை அவள் தோளில் கிடக்கிறதே. கையையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் ஒற்றைக் கையோடு நின்றாள் ஆயா. யாருடைய கல்யாண ஆல்பத்திலிருந்தோ ஒரு கையை எடுத்து ஒட்டினேன். வளையலோடு. பின்னால் பச்சைப் பசேல் என்று வயல். ஆந்திராவோ கேரளாவோ, கடையில் இருக்கும் பின்னணிப் பட சி.டி.யில் இருந்தது. முதலாளி எட்மண்ட் சார் எட்டிப் பார்த்து, ஃபினிஷிங் பிரமாதம் என்றார்.

ஏன் செய்தேன்? உதயா கல்யாணம் என்னால் கெடக் கூடாது என்று சொல்லிக்கொள்கிறேன். பொய். மாமாவிடம் பயமா? அதுவும் முழு உண்மை இல்லை. அந்த நாற்றம் இல்லாத ஓர் ஆயா எனக்கும் வேண்டியிருந்திருக்கிறாள். சே. என்ன ஜென்மம் நான்.

12 பிப்ரவரி, திங்கள்

பேனர் வந்துவிட்டது. பதினைந்தடி. அந்தக் கை கண்ணில் படாதபடி சுருட்டிக் கட்டி வைத்தேன்.

25 பிப்ரவரி, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலையில் காரில் ஆயாவோடு நான்தான் போனேன். மண்டபத் தெரு முனையில் பேனர். ஆயா கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தாள். “யாரு கீதா இது? நம்ம வூட்டு ஜாடையா கீது.” நீதான் ஆயா என்றேன். கார் திரும்பும் வரை பார்த்துக்கொண்டே வந்தாள். 

மேடையில் பெரிய நாற்காலி, ரோஜா மாலை. வருகிற ஒவ்வொருத்தரையும் தாண்டி அவள் கண் வாசலுக்கே போனது. ருக்கு வர்லியா என்று கேட்டாள். உடம்பு சரியில்லையாம் என்று சொன்னேன். எவ்வளவு சரளமாக வந்தது எனக்கு அந்தப் பொய்.

மாமா மைக்கில் என் புத்தகத்திலிருந்து வாசித்தார். வாசற்படி தாண்டாத மகராசி. கைதட்டினார்கள். அப்புறம் சுந்தரவல்லி மேடையேறி ஆயாவுக்குச் சந்தனம் பூசினார். கையைப் பிடித்தவர் அப்படியே பார்த்தார். நகமெல்லாம் ஏன் இப்படித் தேய்ந்துபோயிருக்கிறது என்று அக்கறையாகத்தான் கேட்டார்.

“சுண்ணாம்பு தின்னுட்ச்சிம்மா,” என்றாள் ஆயா. “தோல் கம்பெனில முப்பத்தோரு வருசம் மாட்டுத்தோல் சொரண்டினேன் இல்ல.”

ஊர்ப்பெயர் சொல்வது மாதிரித்தான் சொன்னாள். சுந்தரவல்லியின் கை மெதுவாகப் பின்வாங்கியது. கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். துடைத்ததை நாற்காலிக்கு அடியில் போட்டார். நான் பார்த்தேன்.

மாமா சிரித்துக்கொண்டே நடுவில் வந்தார். அம்மாவுக்கு இப்போதெல்லாம் நினைவு சரியில்லை, யாரோ வேலைக்காரி கதையைத் தன் கதையாகச் சொல்லுவார் என்றார். அதோடு விட்டாரா? என் பக்கம் திரும்பினார்.

“இல்லியா கீதா?”

நான்கைந்து பேர் என்னைப் பார்த்தார்கள். ஆயாவும் பார்த்தாள்.

“ஆமா மாமா,” என்றேன்.

ஆயா கோபப்படவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரும் முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்போமே, அப்படிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பந்தியில் இலையைப் பார்த்ததும் முடியவில்லை. கை கழுவுகிற இடத்தில் வாந்தி எடுத்தேன்.

26 பிப்ரவரி, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. சோப்புப் போட்டுப் போட்டுக் கை கழுவுகிறேன்.

28 பிப்ரவரி, புதன்

பொழிச்சலூர் போனேன். மாமா இல்லாத நேரமாகப் பார்த்து. ஆயா பின்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன் — வயல், சங்கிலி, எவளோ ஒருத்தியின் கை, ருக்ஸானாவைக் கூப்பிடாதது. உனக்கு நினைவு தப்பிவிட்டது என்று மாமா சொன்னதற்கு ஆமா போட்டேனே, மன்னித்துவிடு என்று அழுதேன்.

கீரையை முறத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“என்னை நீ எங்க வேணா நிக்க வை. வயல்ல நிக்க வை, கோயில்ல நிக்க வை. ருக்குவ எதுக்கு அறுத்த? உங்கம்மா ஜொரத்துல கெடந்தப்ப எனக்கும் சேத்து ரெண்டு ஆள் வேல செஞ்சவ அவ.”

மறுபடி முறத்தை இழுத்துக்கொண்டாள். கீரைக்காம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

4 மார்ச், ஞாயிறு

பழைய படத்தை அப்படியே பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு ரயிலேறினேன். ஊரப்பாக்கம். சுந்தரவல்லி வீட்டைக் கண்டுபிடிக்க அரைமணி ஆனது.

ஆயா சொன்னதுதான் நிஜம், அவளுக்கு நினைவெல்லாம் நன்றாகவே இருக்கிறது, புத்தகத்தில் இருப்பது நான் எழுதிய பொய் என்று சொல்லிப் படத்தைக் கொடுத்தேன். அந்தக் கைக்குட்டையையும் சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்ற வீம்போடுதான் போயிருந்தேன். கேட்டும் விட்டேன்.

அவர் மழுப்பவில்லை. “எனக்கு அருவருப்பாத்தான் இருந்துச்சு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் வேத்து மனுஷி. நீ பேத்தி. அன்னிக்கு அங்க ஒரு வார்த்தை சொல்றதுக்கு உனக்கு என்னம்மா வந்தது?”

 காபி கொடுத்தார். குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். ரயிலில் எதிரே இருந்தவர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

10 மார்ச், சனி

மாமா போன் செய்து கத்தினார். சம்பந்தம் முறிந்துவிட்டது. பெற்ற தாயைப் பத்துப் பேர் நடுவில் பைத்தியம் என்று சொல்கிற வீட்டில் பெண் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். தோலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையாம். மாமாவுக்கு அதுதான் இன்னும் புரியவில்லை. வளர்த்த குடும்பத்துக்குக் குழி தோண்டினாயே, இனி இந்த வாசலை மிதிக்காதே என்றார். வளர்த்தது நீங்கள் இல்லை மாமா என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

 ஒரு மாதம் முன்னால் வந்திருக்க வேண்டிய வாய்.

18 மார்ச், ஞாயிறு

மத்தியானம் ஆட்டோ வந்து நின்றது. ருக்ஸானா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆயா, ஒரு டிரங்குப் பெட்டி. மாமா வீட்டில் என்ன பேச்சு நடந்ததோ, ஆயா பெட்டியோடு கிளம்பிப் பம்மலில் ருக்ஸானா வீட்டுக்குப் போய்விட்டிருக்கிறாள். ஐந்து நாள் அங்கே. ஒற்றை அறை, மகன், மருமகள், மூன்று குழந்தைகள். ஆயா வாசலில் படுத்திருக்கிறாள். அதைப் பொறுக்காமல் ருக்ஸானா கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ருக்ஸானா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

“பேனரு நானும் பாத்தேன். பஸ்ஸுல போறப்போ,” என்றாள். “அஞ்சு மட்டும் தனியா நின்னுகினு இருந்தா. நான் அதுல இல்லேன்னுகூட எனக்குத் தோணல. அவளுக்கு வயல்ல இன்னா வேலன்னுதான் பேஜாரா இருந்துச்சு.”

சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இரண்டு வேளை சாப்பாடு தயவுசெய்து நேரத்துக்குக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆயா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வைத்ததைச் சாப்பிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

25 மார்ச், ஞாயிறு

இன்றும் பேசவில்லை.

7 ஏப்ரல், சனி

காலையில் பால் போடும் அம்மா மாடிக்கு வந்தபோது நான் குளியலறையில் இருந்தேன். புதுசா இருக்கீங்களே, யார் வூடு இது என்று ஆயாவிடம் கேட்பது காதில் விழுந்தது. தண்ணீரை நிறுத்திவிட்டு நின்றேன்.

“என் பேத்தி வூடு,” என்றாள் ஆயா. “கம்ப்யூட்டர் வேல. நான் தோல் கம்பெனில இருந்து நின்னு இருவது வருசம் ஆவுது.”

பால்காரம்மாளுக்கும் பம்மல் பக்கம்தானாம். அரைமணி நேரம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது ஆயா வாசல்வரை வந்தாள். நாளைக்கு ருக்கு வருகிறாள், சங்கரா மீன் கிடைத்தால் வாங்கி வா, கிடைக்காவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.