பெரியவன் செய்த ஆப்பிள் மசியல்

அண்ணா,

நீ போனில் சொன்னபடி ஆப்பிளைத் தோலோடு வேகவைத்தேன். சல்லடையில் தேய்த்துத் தேய்த்து மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். அம்மா ஒரு வாய் வாங்கித் துப்பிவிட்டாள். வெந்நீர்கூட வைத்தறியாத உன் பேச்சைக் கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

அப்புறம் என் போக்கில் தோலைச் சீவி, ஒரு துண்டு பட்டை போட்டு, கரண்டியாலேயே மசித்தேன். நான்கு நாளாகத் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்காதவள் அரைக் கிண்ணம் சாப்பிட்டாள். வாயைத் துடைத்துவிடும்போது கேட்டாள்: "பெரியவன் செஞ்சதா? அதான் இவ்வளவு ருசி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிண்ணத்தை விட்டெறிந்திருப்பேன். ஆனால் அவள் அடுத்த வாய்க்கு வாயைத் திறந்து வைத்திருந்தாள்.

"ஆமாம்மா, அவன்தான் செஞ்சான். அடுப்படியில நிக்கிறான்" என்று சொல்லித் தொலைத்தேன்.

அன்றிலிருந்து கட்டிலில் படுத்தபடி அடுப்படிக் கதவையே பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறாள். டாக்டர் சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு நாளைக்கு ஒரு ஆப்பிள் ஆகிறது; கூடையில் ஆறு இருக்கிறது. மேற்கொண்டு நான் வாங்கவில்லை.

நேற்று சொன்னாள்: "வேலை முடிஞ்சா அவனை வெளிய வரச் சொல்லுடி."

இதற்கு நீதான் வந்து பதில் சொல்ல வேண்டும்.

அடுப்படியில் உனக்குப் பதிலாக நிற்கும்,
தங்கை