கூட வேலை பார்த்த பிள்ளை

அச்சங்குளம்,
18.6.2006

என் செல்லத் தங்கச்சி பொன்மணிக்கு,

அக்கா நல்லா இருக்கிறேன். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை பந்தைப் பார்த்ததும் பசி மறந்து திரிகிறாயா? போன வாரம் கம்பெனிக்குப் போன் போட்டாயாம். போர்மேன் இரண்டு நாள் கழித்து வந்து, "ஒன் தங்கச்சி பேசுச்சு, நல்லா இருக்காம்" என்றார். அம்புட்டுத்தான். இனிமேல் போனை விடு, கடிதமே போடு.

இங்கே தீபாவளி சீசன் பிடித்துவிட்டது. வடக்கே போகிற பட்டாசு லோடு தினமும் ஏறுகிறது. பேக்கிங்கில் தலை நிமிர நேரமில்லை. வெந்த கை இந்த வெயிலுக்குக் கொஞ்சம் இழுக்கிறது, வேறொன்றும் இல்லை. நீ அதை நினைத்துக் கவலைப்படாதே.

சென்னையிலேயே பெரிய கால்பந்து லீக், முதல் டிவிஷன் என்று நீ சொன்னதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். எல்லாரும் "எத்தனை கோல் போட்டா?" என்றுதான் கேட்கிறார்கள். நீ தடுக்கிற ஆள் என்றால் இவர்களுக்கு விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் விளங்கவில்லை. ஏ பிள்ளே, கோலே போடாதவளுக்கு எதற்கு அங்கே சோறு போடுகிறார்கள்?

அம்மாவும் அப்பாவும் போனபோது நீ ஆறாங்கிளாஸ். அன்றிலிருந்து உன்னை விட்டு நான் இருந்ததே இல்லை. ஒருத்திக்கு மட்டும் உலை வைக்க இன்னும் கை பழகவில்லை. தினமும் சோறு மிஞ்சுகிறது.

உன் அக்கா,
சொர்ணலட்சுமி

*

சென்னை,
9.7.2006

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஹாஸ்டலில் சத்தமாக வாசித்தது என் தப்பு. இப்போது சாப்பாட்டு வரிசையில் நான் நின்றாலே, "கோல் போடாதவளுக்கு எதுக்குச் சோறு?" என்று கத்துகிறார்கள். நீ நல்லா இருப்பாய்!

ஸ்டாப்பர் என்றால் என்ன என்று சொல்கிறேன், கேள். எதிரணிக்காரி பந்தோடு ஓடிவரும்போது அவளுக்கும் நம்ம கோலுக்கும் நடுவில் நான் நிற்க வேண்டும். தடுத்தால் யாரும் கைதட்ட மாட்டார்கள். விட்டுவிட்டால் மட்டும் மைதானமே திட்டும். உனக்குப் புரியாமல் இருக்காது, நீ எனக்குச் செய்ததெல்லாம் இந்த வேலைதானே.

மொத்தம் எட்டு அணிகள். ஒவ்வொரு அணியோடும் இரண்டு தடவை ஆட வேண்டும். செப்டம்பர் கடைசிவரை இழுக்கும். ஆண்கள் ஆட்டத்துக்கு முன்னால், மத்தியான வெயிலில் எங்களை இறக்கிவிடுகிறார்கள். தரை சுடுகிற சூட்டில் உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. முதல் ஆட்டம் தோற்றோம். அதற்கப்புறம் யாரிடமும் தோற்கவில்லை.

முக்கியமான சேதி இனிமேல்தான். முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் ஒரு வங்கி அணியில் எங்களில் சிலரை வேலைக்கு எடுப்பார்கள் என்று மேனேஜர் சொல்கிறார். எனக்கு மட்டும் கிடைத்துவிட்டால், அக்கா, மறுநாளே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். வெடிமருந்து வாடையே இல்லாத வீட்டில் நீ காலை நீட்டி உட்கார்ந்து டி.வி. பார்க்க வேண்டும். இந்த சீசன் முழுக்க அதற்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

பேப்பரில் என் படம் வந்தது. 'விருதுநகர் மாவட்ட வீராங்கனை' என்று போட்டிருக்கிறார்கள். நம்ம ஊர்ப் பேப்பரிலும் வந்திருக்கும். வெட்டி வை.

உன்
பொன்மணி

*

அச்சங்குளம்,
17.8.2006

தங்கச்சிக்கு,

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? அக்காவுக்குக் கல்யாணம். ஆவணி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. ஆடி முடிகிறவரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

மாப்பிள்ளை பேர் சங்கரலிங்கம், ஊர் மல்லாங்கிணறு. கம்பும் பருத்தியும் போடுகிற வீடு. மூத்த சம்சாரம் தவறிவிட்டாக, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இதற்கு முன்னே பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பார்த்துவிட்டுக் காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனது உனக்குத் தெரியும். இவுக பார்த்துவிட்டு, "மழை நாள்ல வலிக்குமா?" என்று கேட்டாக. அம்புட்டுத்தான் கேட்டாக. எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் ஒரு வீடு வேண்டும் போல இருக்கிறது பொன்மணி. சொல்லிவிட்டேன்.

இனி சொல்லப்போவதற்கு நீ கோபப்படுவாய். அவுக அம்மா இருளம்மாள் பேப்பரில் உன் படத்தைப் பார்த்திருக்காக. "பொட்டப்பிள்ளை அரை டவுசரைப் போட்டுக்கிட்டு ஊருக்கு முன்னால ஓடுறா. ஆட்டத்தை விட்டுட்டு வந்தா நம்ம பிள்ளை. இல்லைன்னா கல்யாணப் பத்திரிகையில பேரு வரக்கூடாது, மண்டபத்துல வந்து நிக்கவும் கூடாது" என்று சொல்லிவிட்டாக. அந்தப் படத்தில் உன் முகம்கூடச் சரியாகத் தெரியாது. அத்தை கண்ணுக்குக் காலு மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

ஆட்டத்தை விடு என்று நான் ஒரு வார்த்தை எழுதினால் போதும், நீ அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாய். அதனால்தான் உன்னைக் கேட்கவில்லை. பேர் போட வேண்டாம் என்று நானே ஒத்துக்கொண்டேன். ஒரு பேர்தானே, கல்யாணம் முடிந்து நாலு நாள் போனால் எல்லாம் சரியாகிவிடும். நீ ஆடு. பத்திரிகையை இதோடு வைத்திருக்கிறேன்.

உன் அக்கா,
சொர்ணம்

*

சென்னை,
20.8.2006

அக்கா,

பத்திரிகை வந்தது. சித்தப்பா பேர் இருக்கிறது. சித்தப்பா மகள்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள் பேர் எல்லாம் இருக்கிறது. நேற்றுப் பிறந்த அவர் பேரன் பேர்கூட 'தங்கள் வரவை எதிர்நோக்கும்' என்று அச்சாகியிருக்கிறது. அவன் இன்னும் கழுத்துகூட நிற்காத பிள்ளை. அவன் வரவேற்கலாம், நான் கூடாதா?

என்னைக் கேட்டிருந்தால் பந்தைத் தூக்கிப் போட்டிருப்பேன். ஆமாம், போட்டிருப்பேன். வேலையும் வேண்டாம், லீக்கும் வேண்டாம் என்று வந்து, உன் பக்கத்தில் தோழிப்பெண்ணாக நின்றிருப்பேன். விடுவதா வேண்டாமா என்று நான் அல்லவா சொல்ல வேண்டும்? நீ எப்படி எனக்காக முடிவு பண்ணலாம்? என் பேரை எடுத்துவிட்டு, எனக்காகத்தான் செய்தேன் என்றும் எழுதுகிறாய்.

மாப்பிள்ளை நல்ல மனிதர் என்றுதான் தோன்றுகிறது. அவர் அம்மா பேசும்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

நான் வரவில்லை. முந்தின நாள் சனிக்கிழமை எங்களுக்கு ஆட்டம் இருக்கிறது. உனக்கும் அதுதானே வசதி. நல்லபடியாக நடக்கட்டும்.

பொன்மணி

*

மல்லாங்கிணறு,
17.9.2006

என் உயிரே பொன்மணி,

வரமாட்டேன் என்று எழுதினவள் முகூர்த்தத்துக்கு வந்து நின்றாயே. யாருடைய சேலையடி அது? கட்டத் தெரியாமல் கட்டியிருந்தாய். இடது காலை நொண்டிக்கொண்டே கூட்டத்துக்குள் வந்தபோதே நான் பார்த்துவிட்டேன். தாலி கட்டுகிற நேரத்தில் என் கண் உன் மேல்தான் இருந்தது.

நீ மேடையேறி வந்ததும் அத்தை உன்னை ஏற இறங்கப் பார்த்து, "இது யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டாக. "கூட வேலை பார்த்த பிள்ளை, மாரித்தாய்" என்றேன். அப்படி ஒருத்தி கம்பெனியிலேயே கிடையாது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். பயந்துவிட்டேன் பொன்மணி. நீ என் முகத்தை ஒரு தடவை பார்த்தாய். அப்புறம் அத்தையிடம், "ஆமாம்மா, பேக்கிங்ல பக்கத்துல உக்காருவேன்" என்றாய். "சாப்பிட்டுட்டுப் போ தாயி" என்று அத்தையே உன்னைப் பந்திக்கு அனுப்பினாக. முன்னப்பின்னத் தெரியாதவர்களுக்கு நடுவில் நீ இலையில் உட்கார்ந்திருந்ததை மேடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மாலையோடு ஓடிவந்து உன்னைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். செய்யவில்லை. தினமும் அழுகிறேன்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. இவுக தங்கமான மனுசர், ஆனால் அம்மா பேச்சைத் தாண்ட மாட்டாக. வருகிற கடிதங்களை அத்தை வாங்கி, பேத்தியை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாக. உன் பேரில் வந்தால் அடுப்புக்குத்தான் போகும். அதனால் கேட்கவே கூசுகிறது, கேட்கிறேன். மாரித்தாய் பேரிலேயே எழுது. மேலே அச்சங்குளம் என்று போடு. உன் சேதியை யாரோ ஒருத்தி சேதி மாதிரி எழுது, நான் புரிந்துகொள்வேன். கால் எப்படி இருக்கிறது? எழுதாமல் இருந்துவிடாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் பாவி அக்கா

*

அச்சங்குளம்,
8.10.2006

மரியாதைக்குரிய சொர்ணம் அக்காவுக்கு, மாரித்தாய் எழுதுவது.

நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சுகமாக இருக்கீகளா? அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கல்யாணச் சாப்பாடு ரொம்ப நன்றாக இருந்தது. இங்கே கம்பெனியில் கடைசி லோடு ஏறிக்கொண்டிருக்கிறது. பேக்கிங்கில் எல்லாரும் உங்களை விசாரித்தார்கள்.

நமக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்தி சென்னையில் இருக்கிறாள் அல்லவா, அவளைப் பற்றிக் கேள்விப்பட்டேன். கால் வீக்கம் வற்றிவிட்டதாம். அவள் போன காரியம் முடிந்து, அவர்கள் இரண்டாவதாக வந்தார்களாம். கடைசி நாளில் மற்ற பிள்ளைகளுடைய அம்மா, அக்கா எல்லாரும் வந்து கட்டிப் பிடித்து அழுதார்களாம். இவளிடம், "உங்க வீட்டுல யாரும் வரலையா?" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். "எனக்கு யாரும் இல்லை" என்று சொல்லிவிட்டாளாம். வேண்டுமென்றா சொல்லியிருப்பாள்? சில நேரம் வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

வங்கியில் வேலை கிடைத்துவிட்டதாம். வீடும் பார்த்துவிட்டாளாம். சமையலறையில் நல்ல வெளிச்சமாம்.

அக்கா, நான் இனிமேல் எழுதவில்லை. கூட வேலை பார்த்த பிள்ளை எம்புட்டு நாளைக்குத்தான் கடிதம் போட்டுக்கொண்டிருப்பாள்? கேட்கிறவர்களுக்கு என்ன ஏது என்று தோன்றும், உங்களுக்கும் சங்கடம். நானும் கம்பெனியை விட்டு நிற்கப்போகிறேன், இந்த விலாசத்துக்குப் பதில் போட்டால் வந்து சேராது. நீங்கள் சந்தோசமாக இருக்க வேண்டும் அக்கா. அதை மனசாரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மாரித்தாய்